துரை சாப்பிடட்டும்

எங்கள் வம்சத்தில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. ஒன்பது வயதில் சுத்தமாக வராது. அந்த வயதில், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெருமையால் நான் இரண்டு உயிர்களைக் கொன்றேன். பொழுது சாய்வதற்குள் இருவரும் பிழைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

அப்போது நாங்கள் சேலத்துக்கு வடக்கே, வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கத்துத் துரையின் பங்களாவுக்குப் பின்னால் குடியிருந்தோம். மல்லசமுத்திரத்துப் பக்கம் எங்களுக்கு இருந்த மேட்டுக்காடு மூன்று வருடம் தொடர்ந்து பொய்த்துப்போக, அப்பா மண்வெட்டியோடு வந்து துரையின் தோட்டக்காரர் ஆனார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் துரைசானி. ரோஜாத் தொட்டிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றுவதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு காலையில் அப்பாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து இந்தப் பெண் மிஷன் பள்ளிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். தொட்டிகளுக்கு எரு வைக்கச் சொன்னால் அப்பா எப்படிக் கேட்பாரோ அப்படியே இதையும் கேட்டார்.

மாசியில் துரைசானி பிரசவத்துக்குக் கப்பலேறினார். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும்போது கட்டுச்சோறு கொடுப்பது வழக்கம். கடல் தாண்டிப் போகிறவளை வெறும் வயிற்றோடு அனுப்புவதா என்று அம்மா புளிச்சோறு கிளறிக் கொண்டுபோய் வாசலில் நின்றாள். துரைசானி நின்றபடியே ஒரு கரண்டி தின்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம்தான். அம்மா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

துரைசானி இல்லாத சமயம் பார்த்து ஊரிலிருந்து பெரியப்பா வந்து சேர்ந்தார். ஆடு மேய்க்க ஆள் இல்லையாம். என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார்.

"பொட்டப்புள்ள படிச்சு என்ன தாசில் பண்ணப் போகுதா?"

"தொரைசானி வந்து கேட்டா என்னன்னு சொல்றதுங்ணா? அவிய வார வரைக்கும் படிக்கட்டும்."

"வல்லீன்னா?"

அப்பா மண்வெட்டியைத் தோளில் எடுத்து வைத்தார். "வல்லீன்னா கூட்டிட்டுப் போயிருங்க."

இது சனிக்கிழமை நடந்தது. துரை இரண்டு நாளாகவே சரியாக இல்லை. தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார், அப்பா கண்ணில் பட்டால், "தந்தி வந்தானா?" என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்பார். பெண்டாட்டிக்கு இது நிறைமாதம், மனுஷனுக்கு இருக்காதா என்று அம்மா பரிதாபப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துரை மாதாகோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தந்தி வந்தது. தந்திக்காரர் சூரமங்கலத்திலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். அப்பா கட்டைவிரலை நீட்டினார். நான் அதை விலக்கிவிட்டு, தந்திக்காரர் நீட்டிய ரசீதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் போட்டேன்.

எங்களுக்குத் தெரிந்தவரை தந்தி என்பது சாவுச் சேதி. ஊருக்குள் தந்திக்காரர் நுழைந்தாலே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அப்பா அந்த உறையை நெருப்பைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றார். பசை சரியாக ஒட்டாமல் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது.

"தொரை கையில எப்பிடிக் குடுக்கறதுன்னாவது தெரிய வேண்டாமா? படிச்ச புள்ள இருக்குதே, பாக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா. பிறகு என்னிடம், "வா அம்மிணி. உன்ற படிப்பத்தான் பாப்பமே" என்றார்.

பிரித்தேன். நான் படித்திருந்தது பெரிய பெரிய இங்கிலீஷ் அச்செழுத்து. இது தந்தி ஆபீஸ் குமாஸ்தாவின் கூட்டெழுத்து. கோழி கிளறிய குப்பை போல இருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நடுவில் ஒரே ஒரு இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது.

"என்ன சாமி போட்டிருக்குது?" என்றார் அப்பா.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பெரியப்பாவின் மீசை ஒரு பக்கமாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"ரெண்டு."

"ரெண்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேற்கொண்டு கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் குனிந்த தலை அது. அவர்கள் அதை வேறாகப் படித்தார்கள்.

"தாயும் புள்ளையுமா!" என்று அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஒரு கரண்டி சோறு தின்னுட்டுப் போனாங்களே, மகராசி."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு என்னதான் போட்டிருக்கிறது என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டேன். துரைசானி உண்மையாகவே இறந்திருந்தாலும் இறந்திருக்கலாம், இறக்காமலும் இருக்கலாம். அந்தத் தாளில் எல்லாம் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. எது எப்படியானாலும் நான் ஆட்டுக்குப் பின்னால் போவது உறுதி.

பன்னிரண்டு மணிக்குத் துரை திரும்பினார். வண்டியிலிருந்து இறங்குவதற்குள், "தந்தி வந்தானா?" என்றார்.

சாவுச் சேதியை வெறும் வயிற்றுக்காரனிடம் சொல்லக் கூடாது. எதிரியே ஆனாலும் அவன் கைகழுவி எழுந்த பிறகுதான் சொல்ல வேண்டும்; கேட்டுவிட்டால் அப்புறம் எத்தனை நாளைக்கு அவன் வயிற்றில் என்ன இறங்குமோ. உறை அப்பாவின் இடுப்பு வேட்டி மடிப்பில் இருந்தது. அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இன்னும் வல்லீங்க தொரை. மொதல்ல சாப்புடுங்க."

சமையல்காரரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். பட்டணத்துக்காரரான அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல கோழியாகப் பார்த்துச் சமைத்திருந்தார். துரை நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலைப் பார்த்தார். "தந்தி வரட்டும். அப்புறம் சாப்பாடு."

தந்தி வராமல் அவர் சாப்பிட மாட்டார். அவர் சாப்பிடாமல் தந்தி வராது. நான் தாழ்வாரத்துத் தூணைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். மணி ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது. கோழி மூன்று தடவை உள்ளே போய்ச் சூடாகி வந்தது. அப்பா நான்கு தடவை வாசலுக்குப் போய், தந்திக்காரரை எதிர்பார்ப்பது போல நெற்றிக்குக் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீங்க ஒரு வாய் சாப்புட்டா அவரு வந்துருவாருங்க" என்று ஒரு முறை சொல்லியும் பார்த்தார். துரை அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

மூன்றரை மணிக்கு அம்மாதான் வழி கண்டாள். கிணற்றடித் தென்னையிலிருந்து ஓர் இளநீர் இறக்கி, சீவிக் கொடுத்தனுப்பினாள். துரை யோசனையில் இருந்தபடியே வாங்கி முழுவதையும் குடித்துவிட்டார்.

"வயித்துல ஈரம் பட்டுருச்சு. இனிக் குடுத்தர்லாம்" என்று பெரியப்பா கிசுகிசுத்தார்.

அப்பா தலைக்கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தந்தியை இரண்டு கையாலும் நீட்டினார். கொல்லைப்பக்கம் அம்மா ஒப்பாரிக்குக் குரலெடுத்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு பெரிய கூச்சல் கேட்டது. கண்ணைத் திறந்தபோது துரை அப்பாவின் தோளைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். தொப்பி போன இடம் தெரியவில்லை. முகம் சிவந்து, பல் அத்தனையும் தெரிந்தது.

"போச்சு. பித்துப் புடிச்சிருச்சு. பிடிச்சுக் கட்டுங்கடா!" என்றார் பெரியப்பா.

துரை அப்பாவை விட்டுவிட்டு, குடித்துப்போட்ட இளநீர்க் குடுக்கையைக் காலால் ஓர் உதை உதைத்தார். அது இரண்டு ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே உருண்டு போயிற்று. "ஒன்னு!" என்று கத்தினார். ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி உதைத்தார். "ரெண்டு!"

சமையல்காரர்தான் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னார். துரையின் ஊரில் பந்து உதைக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இப்படி உண்டு. வருடம் முழுக்க மோதி, கடைசியில் மிஞ்சும் இரண்டு கூட்டம் தலைநகரத்தில் ராஜாவுக்கு முன்னால் உதைக்கும். ஜெயித்தால் வெள்ளிக் கிண்ணம். நேற்று துரையின் ஊர் இரண்டு தடவை பந்தைக் கம்பத்துக்குள் தள்ளிவிட்டது. எதிராளிகள் ஒன்றுகூடத் தள்ளவில்லை. துரையின் தம்பி அந்தச் சேதியைத் தந்தியில் அனுப்பியிருக்கிறார். இரண்டு நாளாகத் துரை காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

அப்பா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அந்தக் கிண்ணத்தத் தொரைக்குக் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்கப்பா."

"அப்பறம் எதுக்குங்க இத்தன கூத்து?"



இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ என்னத்தப் படிச்ச?" என்றார் பெரியப்பா.

"ரெண்டுன்னு படிச்சேன். ரெண்டுதான?"

அப்பாவுக்கு மார்பு விரிந்துவிட்டது. "என்ற புள்ள சரியாத்தானுங்ணா படிச்சிருக்குது. நாமதான் பதறிட்டம்." மறுநாள் விடியலில் பெரியப்பா தனியாகவே ஊருக்குக் கிளம்பினார். நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாக, கூட்டெழுத்து சொல்லிக் கொடுங்கள் என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தந்தியில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அடுத்த வருடம் கைக்குழந்தையோடு வந்த துரைசானிக்கும்கூட.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தோடு முடியவில்லை. துரை மூன்றாவது தடவை குடுக்கையை எடுக்கப் போனபோதுதான் அம்மாவின் அழுகையைக் கேட்டார். அவள் நிறுத்த முடியாமல் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். ஏன் என்று சமையல்காரரைக் கேட்டார். அவர் சொன்னார். கட்டுச்சோற்றிலிருந்து இளநீர்வரை எல்லாவற்றையும் சொன்னார். குடுக்கை துரையின் கையிலேயே இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சூடாக்கி வந்த கோழி அப்போதும் அப்படியே மேசையில் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. அப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, காலையில் இதைத் தந்தி ஆபீசில் சேர்க்கச் சொன்னார். துரைசானிக்கு என்றார். பிறகும் போகாமல் நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தாள். அந்தக் கதவைப் பார்த்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

தந்தியை மறைத்து வைத்ததற்குத் திட்ட வந்திருக்கிறார், தமிழில் வார்த்தை கிடைக்காமல் திரும்பிப் போகிறார் என்றே நான் நினைத்தேன். ஜெயித்த ஊர்க்காரர் ஏன் அப்படித் தலை குனிய வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.