அக்கா திரும்பக் கொட்டிய உப்பு

என் அக்காவின் நோய் முதலில் தெரிந்தது மரக்காணம் உப்பளத்தில், பட்டப்பகலில், வேலையாட்கள் எல்லோரும் பார்க்க.

உப்பளத்தில் ஆண்கள் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலைச்சுமையாக வரப்பில் வரிசையாக நடந்து, ரோட்டோரக் குவியலில் கொட்டுவார்கள். அக்கா அஞ்சலை முப்பது வருடமாக அந்த வரிசையில் முதல் ஆள். அன்று அவள் நிறைகூடையோடு பாதி தூரம் போனவள் திரும்பிவிட்டாள். எதிரே வந்தவர்களை ஒதுங்கச் சொல்லி, உப்பை வாரிய பாத்தியிலேயே திரும்பக் கொட்டினாள். பிறகு வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குவியலை நோக்கி நடந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு, நெழல்ல குந்து" என்றாராம் மேஸ்திரி. அவளுக்குப் பின்னால் நடந்த கஸ்தூரிதான் மாலையில் வந்து என்னிடம் சொன்னாள். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உப்பளத்துக்குள் கால் வைத்ததே இல்லை. வைக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை.

அந்தக் கட்டளைக்குக் காரணம் உண்டு. அக்கா சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனாள். எங்கள் காலனிப் பிள்ளைகள் அங்கே தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. அக்கா தொட்டாள், அடி வாங்கினாள், மறுநாளும் தொட்டாள். அதன் பிறகு அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் உப்பளத்துக்குப் போனாள். அவள் சுமந்த சுமையில்தான் நான் பத்தாவது வரை படித்தேன்.

பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டினேன். "படிக்காத சனம், வயசானா அப்படித்தாம்மா" என்று சொல்லி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்த அழுத்தம்கூடப் பார்க்கவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு வருடம் அப்படிப் போனது. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அடுப்பை அணைக்க மறந்து அக்கா பாத்திரத்தைக் கருக்கிய பிறகு, புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இளம் மருத்துவர் ஒருவர் அவளிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அக்கா காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீதான் படிச்சவ. நீயே எழுதிடு."

அவர் ஏதோ மதிப்பெண் போட்டார். டிமென்ஷியா (நினைவும் அறிவும் படிப்படியாகத் தேயும் நோய்) மிகவும் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "சார், உங்க தலையில உப்புக் கூடைய வெச்சு வரப்புல நடக்க சொல்றேன். நீங்க வழுக்கி விழுந்தா, உங்களுக்கு மூளையே இல்லன்னு எழுதிக்கலாமா?"

அடுத்த மேசையிலிருந்த மூத்த பெண் மருத்துவர் எழுந்து வந்தார். "பேப்பர் வேணாம்மா. அவங்க வேலையைப் பத்தி நீங்களே கேளுங்க. நான் கவனிக்கிறேன்."

"அக்கா, மழ விட்டதும் பாத்தியில இன்னா செய்வாங்க?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சேத்த வழிச்சுட்டு மிதிக்கணும். தரை கெட்டியாவற வரைக்கும் மிதிக்கணும். அப்புறம்தான் தண்ணி கட்டணும். அவசரப்பட்டா உப்பு பூரா மண்ணாயிடும்."

நான் மருத்துவரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் புன்னகைத்தார். "நல்லா சொன்னீங்கம்மா. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இன்னும் சாப்புடலம்மா. வசந்தா இஸ்கூலுக்குப் போனதும்தான் சாப்புடுவேன்."

இரண்டு மணி நேரத்துக்கு முன்தான் பஸ் ஸ்டாண்டில் இருவரும் இட்லி சாப்பிட்டோம். சட்னி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவள் அவள். வசந்தா ஆகிய நான், நரைத்த தலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பள்ளிக்கூடம் போயிருக்கத் தேவையில்லை. நியாயமான கேள்வி வேண்டும் என்று சண்டை போட்டவள் நான்தான். அன்று அந்த மருத்துவமனைக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். வாஸ்குலர் டிமென்ஷியா (மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருவது) என்றார் மருத்துவர். முற்றவில்லை, ஆரம்பத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. பல வருடமாக யாரும் பார்க்காத ரத்தக் கொதிப்புதான் பெரிய காரணம். போன நினைவு திரும்பாது, மாத்திரையால் மேலும் போவதைத் தாமதப்படுத்தலாம் என்றார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார்.

"சின்ன வயசுல படிச்ச படிப்பு மூளைக்கு ஒரு பாதுகாப்பும்மா. அது கிடைக்காதவங்களுக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு அதிகம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். என் தலைக்குள் இருக்கும் பாதுகாப்பு யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு சுமந்தவளை யார் நினைத்தார்கள்? இதை விதி என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பானையைத் தொட்டதற்காக ஒரு குழந்தையை விரட்டியது விதியா?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கைநாட்டு என்பதற்காக அவரைக் கழித்துவிட விடாதீர்கள். காகிதம் இல்லாமல் சோதிக்கச் சொல்லுங்கள். வரும் பதில் வலிக்கலாம். ஆனாலும் கேளுங்கள்.

நான் ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கி, முறையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அக்காவோடு உப்பு சுமந்த பெண்களுக்கும் யாரும் கொதிப்புப் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வேலையாட்கள் கஞ்சி குடிக்க உட்காரும் நேரத்தில், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்வில் முதன்முறையாக உப்பளத்துக்குள் நடந்தேன். உள்ளங்கால் எரிந்தது. இந்தத் தரையில்தான் அவள் சின்ன வயதிலிருந்து நடந்திருக்கிறாள்.

உப்பள முதலாளி பைக்கில் வந்தார். "ஏம்மா, என் பாத்தியில ஆஸ்பத்திரி நடத்துறியா?"

"ஆமாங்க. நீங்களும் கைய நீட்டுங்க, பாத்துடலாம்."

அவர் நீட்டவில்லை. போலீசைக் கூப்பிடுவேன் என்றார். வரட்டும், அவர்களுக்கும் பார்க்கிறேன் என்றேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்று கஸ்தூரிக்கே கொதிப்பு ஏகமாக இருந்தது. இப்போது அவள் மாத்திரை சாப்பிடுகிறாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. முதல் கை எப்போதும் அக்காவுடையது. கையில் சுற்றிய பட்டை இறுகும்போது மற்றவர்களைப் பார்த்து, "பயப்படாதீங்கடி, இறுக்கும், அப்புறம் வுட்டுடும்" என்பாள். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு அது முதல் வாரம். நான் அவளுக்கு நாளையும் தேதியையும் திருத்திச் சொன்ன காலம் போய்விட்டது. அவளுடைய இன்று எதுவோ, அதில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பட்டையை அவிழ்க்கும்போது அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"எத்தினாவது படிக்கிற?"

முன்பெல்லாம், நான் ரிட்டயர் ஆயிட்டேன் அக்கா என்று விளக்குவேன். இப்போது விளக்குவதில்லை.

"பத்தாவது."

"அப்ப இங்க இன்னா வேல? நீ இங்க வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் இல்ல? எழுந்து போ."

அவள் சொல்லி நான் மீறியது இது ஒன்றுதான். எழுந்திருக்காமல், அடுத்தவளின் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றினேன்.