எருமைகள் போன கிழமை வந்த ஷொக் அப்சோபர்

பழுகாமத்திலிருந்து குருக்கள்மடத்துக் கடைக்கு நாங்கள் எருமைத் தயிர் கொண்டுபோன பிக்கப், என் கையில் வரும்போதே பழசுதான். பால் கறப்பதும் உறை ஊற்றுவதும் மனைவி. ஓட்டுவது நான். விடிந்ததும் சட்டிகளை வைக்கோலுக்குள் அடுக்கிவிட்டு, அவளும் பின்னால் ஏறி அவற்றின் நடுவே உட்கார்ந்துகொள்வாள். முன்னால் வரச் சொன்னால், "நான் பிடிக்காட்டி எல்லாம் கலங்கிப் போயிரும்" என்பாள்.

பிடித்தும் கலங்கியது. பள்ளத்தில் விழுந்தால் வண்டி பலமுறை குதித்துத்தான் அடங்கும். சட்டி உடையாமல் தப்பினாலும் உள்ளே கட்டித் தயிர் வெடித்துத் தண்ணீர் விட்டிருக்கும். கடைக்காரர் சட்டியின் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"தயிர் நல்லம்தான். ஆனா இப்பிடிக் கிடந்தா ஆரு வாங்குவான்?"

பாதியைத் திரும்ப ஏற்றினோம்.

காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்தவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வண்டியின் பின்மூலையை அமுக்கி விட்டார். அது ஊஞ்சல் போல ஆடியது. பிறகு சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து காட்டினார். ஷொக் அப்சோபரிலிருந்து வடிந்த எண்ணெய் புழுதியோடு சேர்ந்து பிசினாக ஒட்டியிருந்தது.

"நாலும் செத்துட்டு, தம்பி. இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறதில்ல. கொழும்புல சொல்லி வைக்கிறன்."

காத்திருந்தோம். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வெயில் ஏறித் தயிர் புளித்தது. நானாவுக்கு எப்போது போன் எடுத்தாலும் "இன்னும் வரல்ல" என்றே பதில் வந்தது. கடைக்காரர் வேறிடத்தில் தயிர் எடுக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் வாடகைக்கு யாருக்கோ மணல் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது எருமைப் பட்டி வெறுமையாகக் கிடந்தது. உன்னிச்சையிலிருந்து வந்தவர்கள் எருமைகளை விலைக்கு வாங்கி லொறியில் ஏற்றிப் போயிருந்தார்கள். மனைவி கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வேணாம் எண்டுவீங்க. பிறகு நானும் மனசு மாறிருவன்."

அதே கிழமை நானா கூப்பிட்டார். கழற்றிப் போட்ட ஒரு வண்டியிலிருந்து நல்ல நிலையில் நாலும் கிடைத்திருந்தன. எங்கள் வண்டியின் துருப்பிடித்த நட்டுகளை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கழற்றிய பழையதை இழுத்துப் பார்த்தேன். தடையே இல்லாமல் நீண்டது. வந்ததை இழுக்க இரண்டு கையின் பலமும் தேவைப்பட்டது.

"இனித் தயிர் அலுங்காது, தம்பி" என்றார்.

"ஓம் நானா" என்றேன். எருமைகள் போனதைச் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னிருந்த பள்ளத்தில் வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். அந்தச் சுகம் எனக்குக் கசந்தது. ஒரு கிழமை முந்தி இது வந்திருக்கக் கூடாதா என்று வீடு வரை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

சில மாதம் கழித்து உன்னிச்சைக்குச் சீமெந்து ஏற்றிப் போனபோது அவளும் வந்தாள். குளத்துத் தண்ணீரில் எருமைகள் கிடந்தன.

"இறங்கிப் பாப்பமா?" என்றேன்.

"எங்கடதும் அதுக்குள்ளதான் கிடக்கும். கூப்பிட்டா வரும்" என்றாள். கதவைத் திறக்கப் போன கையை எடுத்துக்கொண்டாள். "கூப்பிட்டுட்டு அதுகளுக்கிட்ட என்னத்தச் சொல்ற? எடுங்க, போவம்."

வண்டியை எடுத்தேன்.