அட்ராக்டா கழற்றிய பின்சீட்

கன்செப்டாக் கிழவியைச் செம்மறிக் கிடாவோடு சேர்த்து ஜீப்பின் பின்னால் போட்டு அடைத்தவள் அட்ராக்டாதான் என்று தபாலாபீஸ் நோரீன் சொல்கிறாள். சொல்லட்டும். அவள் தபால்தலை ஒட்டுகிற நேரத்தைவிடக் கதை ஒட்டுகிற நேரம்தான் அதிகம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து கோயில் சுவரோரம் நின்று தலையாட்டினீர்களே, உங்களைத்தான் சொல்லவேண்டும். யாரும் யாரையும் அடைக்கவில்லை. கிழவி தானாக ஏறினாள். தன் காலால், தன் கைப்பையோடு, பன்றி இறைச்சி வைத்த ரொட்டிப் பொட்டலத்தோடு ஏறினாள். பிடித்து அடைக்கப்படுகிறவள் சாப்பாடு கட்டிக்கொண்டா போவாள்?

அட்ராக்டாவை அவள் பிறந்த அன்றிலிருந்து எனக்குத் தெரியும். எங்கள் ட்ரம்கீல் ஊரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அதிலும் பாதி வேலி கிடையாது. அவள் அப்பா பழைய பால் கொட்டகையில் வண்டி பழுது பார்த்தார். அவர் போன பிறகு அவருடைய ஸ்பானர்களை இவள் எடுத்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயதில் ஒண்டிக்கட்டை, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். அவள் வேலை என்னவென்றால், ஜீப்புகளின் கண்ணை அவிப்பது.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் லீட்ரிம் மாவட்டத்தில் ஜீப் வைத்திருக்கிற எவனும் பின்னால் ஜன்னல் வைத்துக்கொள்வதில்லை. ஜன்னலும் பின்சீட்டும் இருந்தால் அது குடும்ப வண்டி, முழு வரி. சீட்டைக் கழற்றிவிட்டு, கண்ணாடி இருந்த இடத்தில் இரும்புத் தகட்டை வைத்து அடித்துவிட்டால் அது சரக்கு வண்டி, வரி கால்வாசிகூட வராது. எட்டு மைல் தள்ளி நாட்டு எல்லை. அந்தப் பக்கம் போய்க் கண்ணாடியும் சீட்டுமாக ஜீப்பை மலிவாக வாங்கி வருவார்கள். வந்ததும் நேரே அட்ராக்டாவின் கொட்டகை. மறுநாள் வெளியே வரும்போது அதே ஜீப்தான், நாலு சக்கரமும் மலையேறும், ஆனால் பின்பாதி அலமாரி மாதிரி இருக்கும். பாஸ்டனிலிருந்து வந்த என் தம்பி மகன் கோயில் வாசலில் வரிசையாக நின்ற பதினோரு ஜீப்பைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டான். இந்தச் சின்ன ஊரில் ஒரே நாளில் இத்தனை பிணமா என்று என் காதில் கேட்டான். அவன் ஊரில் இந்த மாதிரி வண்டி விற்பதே இல்லையாம்.

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் ஜன்னல் எண்ணத் தெரியும்.

இப்படிக் கழற்றிய சீட்டெல்லாம் எங்கே போயிற்று என்று நோரீன் யோசித்ததுண்டா? பஸ் நிற்கிற இடத்தில் நாம் உட்காருவது யாருடைய ஜீப்பின் சீட்? கால்பந்துத் திடலில் முறைக்குக் காத்திருக்கிற பையன்கள் உட்காருவது? பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில் இருக்கிறவர்கள் முட்டி வலிக்காமல் உட்காருவது? எல்லாம் அட்ராக்டா சும்மா கொடுத்தவை. கண்ணாடிகளும் அப்படித்தான். பாதிரியார் தோட்டத்துக் கீரைக்கு மேல் இரண்டு, நோரீனுடைய கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு மேல் இரண்டு. அந்தக் குஞ்சுகள் குளிராமல் வளர்ந்தது யார் தயவில் என்று குஞ்சுகளுக்காவது தெரிந்திருக்கும்.

என் சமையலறைக்கும் ஒரு சீட் வந்தது. சாம்பல் நிறம், மூன்று பேர் உட்காரலாம். அடுப்புக்கு எதிரே போட்டாள். பெல்ட்டுகள்கூட அப்படியே இருந்தன. உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிற வயது எனக்கு, அதனால் பூட்டிக்கொண்டுதான் உட்காருவேன். அது மாலக்கியின் ஜீப்பில் இருந்த சீட்.

மாலக்கி மேட்டு வீட்டு கன்செப்டாவின் மகன். வயது ஐம்பது, நூற்றிருபது ஆடு, நல்ல பிள்ளை, பேச்சுதான் வராது. ஜீப்பைக் கண்ணவிக்கக் கொண்டுவந்தவன், தகடு சரியாக இருக்கிறதா என்று கேட்க மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். மூன்றாம் வாரம், அந்தச் சீட் எப்படி இருக்கிறது என்று பார்க்க என் வீட்டுக்கு வந்தான். அட்ராக்டாவும் வந்தாள். இரண்டு பேரும் அந்தச் சீட்டின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். இரண்டு வருஷம் குடித்தார்கள். முதல் வருஷக் கடைசியில்தான் நடுவில் இருந்த இடம் குறைய ஆரம்பித்தது.

என் சமையலறையைத் தாண்டி அந்தக் காதலால் ஓரடி வெளியே போக முடியவில்லை. ஏனென்றால் ஜீப்பில் மிச்சம் இரண்டே சீட். ஒன்றில் மாலக்கி, இன்னொன்றில் அவன் அம்மா. கன்செப்டாவுக்கு எண்பத்தொரு வயது. ஆட்டுச் சந்தை, பூசை, மூன்று ஊருக்குள் எந்தச் சாவு, எதையும் விடமாட்டாள். முன்சீட்டில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுடைய அச்சே அதில் விழுந்திருந்தது. பின்னால் ஆள் ஏறினால் சட்டம் விடாது. அந்தத் தகடு அடித்து, இதில் இனி ஆள் ஏறாது என்று தாளில் கையெழுத்துப் போட்டவளே அட்ராக்டாதான். தான் உட்காரவேண்டிய இடத்தைத் தானே நாலு போல்ட் கழற்றித் தூக்கி எனக்குக் கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்லி நான் சிரித்தபோது அவளும் சிரித்தாள், பிறகு தேநீரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் தூரத்து டண்டாக் நகரத்திலிருந்து ஒரு பெரிய பட்டறைக்காரர் அட்ராக்டாவுக்குக் கடிதம் போட்டார். நிரந்தர வேலை, மேலே தங்க அறை. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். அட்ராக்டா என்னிடம் சொன்னாள், சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு நான் மாலக்கியோடு போகிறேன், முன்சீட்டில், அப்போது அவன் ஒரு வழி சொல்லவேண்டும், இல்லையென்றால் டண்டாக் என்று. சொல்லும்போது அந்தச் சீட்டின் பெல்ட்டைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டிருந்தாள்.

மாலக்கிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சனிக்கிழமை காலை அம்மாவிடம், மழையாக இருக்கிறது, நீ வீட்டில் இரு என்று சொல்லியிருக்கிறான். எங்கள் ஊரில் மழையைக் காரணம் காட்டி வீட்டில் இருப்பதென்றால் வருஷத்தில் பத்து நாள்கூட வெளியே போக முடியாது. கிழவிக்கு உடனே தெரிந்துவிட்டது. போதாததற்கு என் சமையலறைச் சீட்டைப் பற்றி நோரீன் முன்பே ஓதியிருந்தாள். என்னதான் நடக்கிறதென்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிழவி முடிவு செய்தாள். மகன் காலணி மாட்டுகிற நேரத்தில் ஜீப்பின் பின்கதவு வழியாக ஏறி, தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மாலக்கி குனிந்தபடி வந்து, கிடாவைத் தள்ளி ஏற்றி, மழைக்குப் பயந்து கதவை அறைந்து சாத்தினான். அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒளிந்திருந்து பார்க்கலாம் என்று ஏறிய வண்டியில் பார்க்க ஜன்னலே இல்லை. முன்சீட்டுக்குப் பின்னாலும் கூரை வரைக்கும் தகடு. இரண்டு வருஷமாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கும்மிருட்டு. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் கிடா. பாதி ரொட்டியை அதற்குக் கொடுத்துச் சமாதானம் பேசினாளாம். இதெல்லாம் அவளே பின்னால் என்னிடம் சொன்னது, நோரீன் சொன்னதல்ல.

பாலத்தருகே அட்ராக்டா ஏறினாள். உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். தகட்டின் வழியாகப் பேச்சு நன்றாகக் கேட்டது. ஐந்து மைல் யாரும் எதுவும் பேசவில்லை என்பதும் நன்றாகக் கேட்டது. ஆறாவது மைலில் மாலக்கி கேட்டுவிட்டான்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

"எங்க உக்காரச் சொல்ற?"

"இப்ப உக்காந்திருக்கியே."

"இது உங்கம்மா சீட்டு. அவங்கள எழுப்பிட்டு நான் உக்கார மாட்டேன். பின்னால ஆட்டோட ஆடாவும் போக மாட்டேன். எனக்கும் ஒரு ஜன்னலு வேணும் மாலக்கி."

பின்னால் இருட்டில் கன்செப்டா ஜெபமாலையை எடுத்து உருட்டினாள். மகன் பெண் கேட்டான், பொறுத்துக்கொண்டாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை, அது எந்த மாதிரி சத்தமில்லாமை என்று அவளுக்குத் தெரியும், அதையும் பொறுத்துக்கொண்டாள். அதன் பிறகு மாலக்கி சொன்னான்.

"சரி. கண்ணாடியத் திரும்ப வச்சுருவோம். முழு வரி கட்டிக்கிறேன்."

"கட்டாதடா" என்று தகட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. "உங்கப்பன் குடும்பத்துல எவனும் முழு வரி கட்டுனதில்லடா."

மாலக்கி பிரேக்கை மிதித்தான். கிடா பேசியதாகவே நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறான். வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்ற இடம் போலீஸ் சார்ஜண்ட் டெவானியின் பூட்ஸுக்கு முன்னால். அவர் அன்றைக்குப் பார்த்து வரிச்சீட்டுச் சோதனைக்கு நின்றிருந்தார். வரிச்சீட்டைப் பார்த்தார், சரக்கு வண்டி, சரி. பின்னால் என்ன என்றார். ஒரு கிடா என்றான் மாலக்கி.

"கிடா ஜெபமாலை சொல்லுதேப்பா" என்றார் சார்ஜண்ட்.

போய்க் கதவைத் திறந்தார். கிடா அவரைத் தாண்டி ஒரே பாய்ச்சலில் வயலுக்குள் ஓடிற்று. அதற்குப் பின்னால் கன்செப்டா, தொப்பியில் வைக்கோல், கையில் ஜெபமாலை, இறங்கி நின்று பாவாடையைத் தட்டிவிட்டாள்.

"சரக்கு வண்டிம்மா இது. சரக்கு மட்டுந்தான் ஏத்தணும்."

"நானும் சரக்குதான். சந்தைக்குப் போறேன்."

"விக்கவா?"

"நல்ல வெல வந்தா குடுத்துருவான்."

சார்ஜண்ட் மாலக்கியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கிடாவைப் பிடிக்கப் போனார். அந்த நேரத்தில்தான் பஸ் அந்த வழியே போயிற்று, பஸ்ஸில் நோரீன். அவள் பார்த்தது இவ்வளவுதான். வைக்கோலோடு கிழவி பின்னாலிருந்து இறங்குகிறாள், உதட்டுச் சாயத்தோடு அட்ராக்டா முன்சீட்டில் இருக்கிறாள். மிச்சத்தை பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் அவளே செய்துகொண்டாள்.

அதற்குப் பின் நடந்ததைத்தான் யாரும் கேட்பதில்லை. அட்ராக்டா இறங்கி, கன்செப்டா ஏறுவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவி ஏறினாள். அட்ராக்டா கதவைச் சாத்திவிட்டு, கொட்டுகிற மழையில் ஊரைப் பார்த்து நடந்தாள். ஆறு மைல். பின்னால் ஏறிக்கொள் என்று, கிடாவை இழுத்து வந்து ஏற்றிய சார்ஜண்டே சொல்லிப் பார்த்தார், இன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை என்றார். அவள் கேட்கவில்லை. சந்தை எக்கேடும் கெடட்டும் என்று மாலக்கி வண்டியைத் திருப்பினான். அவளைத் தாண்டி அரை மைல் போன பிறகு கன்செப்டா நிறுத்தச் சொன்னாள். அட்ராக்டா வந்து சேர்ந்ததும், வண்டியை அவள் நடைக்குச் சமமாக ஓட்டச் சொன்னாள். ஜன்னலை இறக்கிக்கொண்டு சண்டையை ஆரம்பித்தாள். மேடு இறங்குகிற வரை வரியைப் பற்றி. தேவாலயத்து வளைவு வரை அட்ராக்டாவின் அப்பா ஒரு முறை டிராக்டரைக் கெடுத்ததைப் பற்றி. பின்னால் பதினாலு வண்டி வரிசையாக ஊர்ந்து வந்தது. எதிரே வந்தவர்கள் சாவு ஊர்வலம் என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

என் வாசலுக்கு வந்தபோது நான் வெளியே நின்றிருந்தேன். அட்ராக்டாவின் காலணியில் தண்ணீர் சளக் சளக் என்றது. திங்கட்கிழமை டண்டாக்குக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னாள், ஜீப்புக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

கன்செப்டா முன்கண்ணாடித் துடைப்பானைப் பார்த்தாள். அதனிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"ஏழு மைலு இருட்டுல இருந்தேன். அந்தக் கெடாவுக்குக்கூட அது ஆகாது. கண்ணாடி வச்சுக்கோ. என் கல்லறைக் கல்லுக்கு வச்சிருக்கற காசுல வரியக் கட்டிக்கிறேன். கல்லு இல்லாட்டி என்ன, என்னை யாருக்குத் தெரியாது. ஆனா முன்சீட்ட விடமாட்டேன்."

"யாரு கேட்டா?" என்றாள் அட்ராக்டா.

கடிதத்துக்கு முடியாது என்று பதில் போனது. நோரீன்தான் முத்திரை குத்தினாள், கேளுங்கள். ஒரு வாரம் அட்ராக்டா தகட்டைப் பெயர்த்தாள். எங்கள் ஊரில் கண்ணவித்த ஜீப்புக்குக் கண் திறந்தது அது ஒன்றுதான். அந்த ஜீப்பின் கண்ணாடிகளைத் திரும்பக் கேட்டு வாங்கினாள். பாதிரியார் கீரையோடு கொடுத்தார். நோரீன் குஞ்சுகளுக்குக் குளிருமே என்றாள், எச்சம் ஒட்டியபடியே கொடுத்தாள்.

சீட் மட்டும் கடைசி வரை என் சமையலறையில் இருந்தது. கல்யாணத்தன்று காலை அதில் உட்கார்ந்துதான் அட்ராக்டா புதுக் காலணி போட்டுக்கொண்டாள். வெளியே மாலக்கி ஹாரன் அடித்தான். மாப்பிள்ளையே பெண்ணைக் கோயிலுக்கு ஓட்டிப்போவது அபசகுனம் என்று நான் சொன்னேன், வேறு எந்த வண்டியில் எனக்குச் சீட் இருக்கிறது என்றாள். அதுவும் சரி. எழுந்து, பூச்செண்டை எனக்குக் கொடுத்துவிட்டு, இல்லை, உங்களுக்கும் கை வேண்டும் என்று திரும்ப வாங்கி வாயில் கவ்விக்கொண்டாள். சீட்டின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். வெள்ளை உடுப்பு, இடுப்புக் கச்சையில் ஸ்பானர், பின்பக்கமாகவே அடியெடுத்து என் வாசற்படியைத் தாண்டி வெளியே இறங்கினாள். பெல்ட் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

ஜீப்பின் முன்சீட்டில் கன்செப்டா புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். நாலு போல்ட்டும் முறுக்கி முடிகிற வரை திரும்பவில்லை.

"சீக்கிரம் கதவச் சாத்துங்கடி" என்றாள். "குளிரு அடிக்குது."