வாசலில் நின்ற நரி மாப்பிள்ளை

யமகதா மலைப்பக்கம் முடிவெட்டும் கடை வைத்திருந்த கினுவேக்குக் கதைப் பைத்தியம். நாற்காலியில் உட்கார்ந்தவர் கதை சொல்ல ஆரம்பித்தால் போதும், கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றுவிடும். பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. கேட்டதையெல்லாம் எழுதி மூன்று புத்தகம் போட்டுவிட்டாள். நான்காவது அச்சுக்குப் போகாமல் கிடந்ததற்கு ஒரே காரணம் நரி மாப்பிள்ளை.

அது அவள் அப்பா சொன்ன கதை. மனித உருவில் வந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்ட நரி, வால் தெரிந்துபோன நாளில் வைக்கோல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். அப்புறம்? போனதா, இருந்ததா? அந்த இடத்தில் அப்பா தூங்கிப்போய்விடுவார். இப்போது அவரும் இல்லை. முடிவு தெரியாமல் கினுவேக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவோடு காட்டில் கரிமூட்டம் போட்ட தோகுசோ என்ற கிழவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஒரு பனிக்காலச் சாயங்காலம் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடி அந்தக் கதையைக் கொஞ்சம் சொன்னார், சட்டென்று நிறுத்தினார்.

"என்னம்மா, வாயில கொழுக்கட்டையா?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் சித்தப்பா."

"கேக்குறவ வரிக்கு வரி, 'ம்' கொட்டுற மாதிரி, 'ஒத்தோ' போடணும்ல? நீ போட்டாத்தானே எனக்கு அடுத்த வரி வரும்? ஊர் வழக்கமே மறந்துபோச்சா?"

"என் குரல் விழுந்து டேப்பு கெட்டுடக் கூடாதுன்னுதான்..."

"அப்ப அந்தப் பெட்டியவே ஒத்தோ போடச் சொல்லு."

வேறு வழியில்லாமல் வரிக்கு வரி ஒத்தோ போட்டாள். கதை ஓடியது. நரி வயலில் மாடாய் உழைத்தது, வால் தெரிந்தது, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது. தோகுசோ அவள் முகத்தைப் பார்த்தார். கினுவேக்கு ஒத்தோ வாயில் வரவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "உங்கப்பன் சொன்னது சரிதான். 'நரி வாசலுக்கு வந்ததும் என் பொண்ணு வாயை இறுக்கி மூடிக்குறா. ஒத்தோ சொன்னா அது போயிடுமாம். நானும் தூங்குற மாதிரி கண்ண மூடிக்குவேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

இத்தனை வருஷமாக முடிவைத் தடுத்து வைத்திருந்தது அவளேதான்! டேப் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சொல்லித்தான் ஆகணும்னு இல்லம்மா," என்றார் தோகுசோ. "அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அவள் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "ஒத்தோ," என்றாள்.

"ஒரு தடவ திரும்பிப் பாத்துது," என்றார் தோகுசோ. "பாத்துட்டுப் போயிடுச்சு."