வேண்டுமென்றே விழுந்தேன்

அலைச்சறுக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது என் கணவரால். எனக்கு அதில் எந்த ஆசையும் இருந்ததில்லை. அவர் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். வேலை பார்ப்பது போர்ட் கிள்ளானில், கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டில். தினமும் கடலைப் பார்க்கிற மனிதர்தான். ஆனால் அந்தக் கடலில் அலை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சேறும் எண்ணெய்ப் படலமும்தான். நாற்பது வயது நெருங்கியபோது டாக்டர் அவரை எடை குறைக்கச் சொன்னார். மாலையில் பூங்காவில் நடக்கலாமே என்றேன் நான். அவர் சில நாள் யோசித்துவிட்டு, "சர்ஃபிங் கத்துக்கலாமா? ரெண்டு பேருமா," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஹால் பயிற்சிக்கூடமாக மாறியது. ஷிப்ட் முடிந்து ரயிலில் வந்து இறங்கியதும் வீடியோவைப் போட்டுவிட்டு யோகா பாயில் குப்புறப் படுத்துக்கொள்வார். நெஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரே துள்ளலில் எழுந்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்க வேண்டும். அவர் எழும் ஒவ்வொரு முறையும் தரை அதிரும். கீழ்வீட்டு சீன ஆன்டி ஒருநாள் மேலேறி வந்து, வீட்டில் மசாலா இடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆண்டு இறுதியில் பருவமழை தொடங்கினால்தான் கிழக்குக் கரையில் அலை எழும். காராக் மலைப்பாதையைத் தாண்டி, குவாந்தானையும் கடந்து செராத்திங் வரை காரோட்டிப் போனோம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் கடலோரக் கிராமத்து மலாய்க்காரர், எங்களைவிட இளையவர். என்னை 'காக்' என்றும் என் கணவரை 'அபாங்' என்றும் கூப்பிட்டார், நாம் அக்கா, அண்ணே என்பதுபோல. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, உடைந்து நுரையாக வரும் அலைக்குள் எங்கள் பலகையைப் பிடித்துத் தள்ளிவிடுவார். எழுந்து நிற்பது எங்கள் பொறுப்பு.

நான் அன்று காலையிலேயே நின்றுவிட்டேன். எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலுக்குக் கீழே கடல் ஓடியது, கரை என்னை நோக்கி வந்தது. என் கணவரால் முட்டியைத்தான் பலகைமேல் கொண்டுவர முடிந்தது. மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரைச் சிந்திக்கொண்டே, "பாருங்கடா என் பொண்டாட்டிய!" என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அன்று அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்குக்கூட இருக்கவில்லை.

இரண்டாவது பருவத்தில் அவரும் நுரையில் நிற்கக் கற்றுக்கொண்டார். கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எனக்கோ நுரை சலித்துவிட்டது. ஆசிரியர் என்னை அலைகள் உடையும் இடத்துக்கு அப்பால் கூட்டிப்போனார். அங்கே அலை உடையாமல் பச்சையாக எழும்பி வரும். யாரும் தள்ளிவிட மாட்டார்கள். வரும் அலைகளில் எது நமக்கானது என்று பார்த்து, பலகையைத் திருப்பி, தோள் கழன்றுபோகும்படி கையால் தண்ணீரைத் தள்ளி, அது தூக்கும் நேரத்தில் எழ வேண்டும். பல வாரங்கள் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, நான் தலைகீழாகப் போனேன். பலகையைப் பார்க்காமல் போகவேண்டிய பக்கத்தைப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். ஒருநாள் இடது பக்கம் பார்த்தேன். பலகையும் இடது பக்கம் திரும்பி, அலையின் சுவரோரமாக வழுக்கிக்கொண்டு போனது.

கரைக்கு வந்தபோது என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். "நல்லா இருந்துச்சு," என்றார். கத்தவில்லை. அன்றிரவு கடையில் வாங்கிய நாசி கோரெங் சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்தார். வீடு வரும்வரை ரேடியோ மட்டும்தான் பேசியது.

அடுத்த முறை நான் அவருக்குப் பக்கத்தில் நுரையில் ஓட்டியபோது நிஜமாகவே கால் தவறி விழுந்தேன். உடனே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். "பரவால்லமா, எல்லாருக்கும் அப்படித்தான் லா. உன் பின்னங்கால் ரொம்ப முன்னாடி வந்துருச்சு," என்று வீடியோவில் பார்த்ததையெல்லாம் விளக்கினார். முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதிலிருந்து அவர் பார்க்கும்போதெல்லாம் விழுந்தேன். அவர் தண்ணீர் குடிக்கக் கரைக்குப் போனால் எழுந்து ஓட்டினேன்.

நான் ஒரு ஆடிட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்தப் பருவத்தில் குவாந்தானில் ஒரு தொழிற்சாலைக் கணக்கைப் பார்க்க அனுப்பினார்கள். வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கு போன் போட்டு, "இன்னும் ஒருநாள் ஆகுங்க," என்று சொன்னேன். மறுநாள் விடிந்ததும் செராத்திங்கில் இருந்தேன், வாடகைப் பலகையோடு, தனியாக.

மழை விட்டிருந்தது. காற்று இல்லை. தொலைவில் ஒரு கோடு கறுத்து எழுந்தபோதே அது எனக்கானது என்று தெரிந்தது. எழுந்தேன். அலை என் தோள் உயரத்துக்குச் சுவராக நின்றது. வேகம் குறைந்தபோது மேலே ஏறினேன், மறுபடி இறங்கினேன். அலை தீர்ந்துபோகும் வரை நான் விழவே இல்லை. தண்ணீரில் உட்கார்ந்து யாருமில்லாமல் சிரித்தேன். அந்த முழுக் காலையிலும் அவர் நினைவு ஒருமுறைகூட எனக்கு வரவில்லை. பொய் சொன்னதைவிட இதுதான் பின்னால் என்னை அதிகம் அறுத்தது.

காருக்கு வந்தபோது போனில் அவர் செய்தி கிடந்தது. 'சாப்டியா? ரொம்ப வேலையா?' நான், 'ஆமா, தலைவலி,' என்று பதில் போட்டேன். வழியில் பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் தலையிலிருந்த உப்பை அலசினேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வீட்டில் அவர் தலைவலித் தைலத்தை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்.

அடுத்த முறை நாங்கள் இருவரும் போனபோது அது வெளியே வந்தது. என் கணவர் மணலில் உட்கார்ந்து பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் வந்து கைகொடுத்துவிட்டு, மலாயில், "காக், அன்னைக்குத் தனியா வந்து எடுத்தீங்களே ஒரு அலை! இன்னிக்கும் அதே மாதிரி எடுக்கணும்," என்றார்.

மெழுகு தேய்க்கும் கை நிற்கவில்லை. "எப்போ?" என்று என் கணவர் அவரிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. ஆசிரியர் பாவம், ஒன்றும் தெரியாமல் தேதியைச் சொன்னார். என் கணவர் தலையாட்டிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

நான் பின்னாலேயே போய் நுரையில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நீ அங்க போ," என்றார், பச்சை அலையைக் காட்டி.

"வேணாங்க. இங்கயே இருக்கேன்."

"குவாந்தான் விஷயம் போகட்டும். என் முன்னாடி விழுவியே, அத எப்ப நிறுத்தப் போற?"

"தெரியுமா?" என்றேன்.

"நெசமா விழுறவங்க கைய விரிப்பாங்க. நீ மூக்கப் பிடிச்சிட்டு விழுவ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல, எனக்காகத்தானே விழுறன்னு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் அசிங்கமா இருந்துச்சு லா. என்னைய சின்னப் புள்ளன்னு நெனச்சிட்டியா?" ஒரு நுரை வந்து எங்கள் இருவரையும் அறைந்துவிட்டுப் போனது. "மன்னிச்சிருங்க," என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"போ. ஒழுங்கா ஒண்ணு எடு. நான் பாக்கணும்."

போனேன். நல்ல அலைகளையெல்லாம் விட்டுவிட்டேன். கடைசியில் ஒன்றில் எழுந்து, கரையோரம் வரை ஓட்டி வந்தேன். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, வெளியேறிப் போய் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் தே தாரிக் தேநீர் இரண்டு டம்ளர் வாங்கி வந்து ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல. பொறாமை." டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். "போயிரும். கொஞ்சம் டைம் குடு."

இந்தப் பருவம் அவர் வரவில்லை. முட்டி வலிக்கிறதாம், வார இறுதி ஷிப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். முட்டி நிஜமாகவே வலிக்கிறதா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. அவரே காரில் என் பலகையைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறார். அவர் ஆரம்பித்த ஒன்றை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவள்போல மலைப்பாதையில் ஏறுகிறேன். கடலைப் பார்த்ததும் அந்த நினைப்பு மறந்துவிடுகிறது. திரும்பும்போது மறுபடி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது அவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இன்னிக்கு அலை?" என்றார் திரும்பாமல்.

"சின்னதுதாங்க. இடுப்பளவு."

கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். நான் பையைக் கீழே வைத்தேன்.

"இல்ல," என்றேன். "தலைக்கு மேல இருந்துச்சு. பயமா இருந்துச்சு. எடுத்தேன்."

"உக்காந்து சொல்லு," என்று அடுப்பைக் குறைத்தார்.