ஐந்தருவிக்கு மேலே ஒரு சின்ன டர்பைன்

ஜூலை மாதத்துச் சனிக்கிழமையில் குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு என் அனுதாபங்கள். குளிக்கப் போகாதவர்களுக்கு இரட்டிப்பு அனுதாபம்.

மதுரையிலிருந்து விடியுமுன் கிளம்பிய பேருந்து ராஜபாளையம் வரை ஒழுங்காக வந்தது. ராயகிரிக்குப் பிரியும் சாலையைத் தாண்டியதும் சாரல் பிடித்தது. என் ஜன்னல் கண்ணாடி மூட மறுத்தது. தென்காசியில் இறங்கும்போது மணி ஒன்பதரை. என் இடது தோள் முழுக்க ஈரம்.

என்னுடன் வந்தவள் மாயா. மேற்கு நேபாளத்தில் ஒரு மலைக்கிராமத்துக்காரி. நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்துகிறவள். ஒரு பயிற்சிக்காக அவள் ஊரில் சில மாதங்கள் தங்கியபோது பழக்கம். அந்த ஊருக்கு மின்கம்பி போனதில்லை. ஓடையை ஒரு வாய்க்காலில் திருப்பி, குழாய் வழியே சரிவில் இறக்கி, அடியில் சின்ன டர்பைனைச் சுழற்றுகிறார்கள். அணை இல்லை, முங்கிப்போன காடு இல்லை. அந்தத் தண்ணீர்தான் வீட்டு விளக்கு, மாவு மில், சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டி எல்லாம். அதை நடத்தும் குழுவுக்கு மாயாதான் செயலாளர்.

இப்போது மின்கம்பி வரப்போகிறது. அதனால் டர்பைனைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள். அடுத்த மாதம் கூட்டம். கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்கு வந்த மாயா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "லைன் வந்த பிறகும் ஓடுகிற சின்ன டர்பைன் ஒன்றைக் காட்டு. ஊரில் போய்ச் சொல்ல வேண்டும்."

எனக்கு ஒரு தோட்டம் நினைவுக்கு வந்தது. ஐந்தருவிக்கு மேலே, ஜாதிக்காயும் மங்குஸ்தானும் வளரும் தோட்டம். உரிமையாளர் செல்வின் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "மிஷின் இன்னும் ஓடுதா அண்ணாச்சி?"

"ஜோரா ஓடுது! வாங்க, வாங்க."

தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"சீசன்லா அக்கா. போய்ட்டுத் திரும்புததுக்குள்ள மத்தியானம் ஆயிரும். மெயினருவில குளிக்க விடல, தண்ணி ஜாஸ்தி. பழைய அருவிக்கு விடவா?"

"குளிக்க வரவில்லை."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்போ எண்ணெய்த் தேய்ப்பா? நம்ம ஆளு இருக்காரு, தேய்ச்சா மேல்வலி ஓடிரும்."

அன்று முழுக்க இதுவே கதை. லாட்ஜ்காரர் அருவிக்குப் போகும் குறுக்கு வழியைச் சொன்னார். டீக்கடைக்காரர் சோப்பு, சீயக்காய் பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் போகும் இரண்டு பெண்களைப் பற்றி அந்த ஊருக்குச் சந்தேகம் தீரவில்லை.

லாட்ஜில் கரண்ட் இல்லை. காற்றுக்கு மரம் விழுந்து கம்பி அறுந்து இரண்டாவது நாளாம். தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் புகை விட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் சத்தத்துக்கு மேலே அருவிச் சத்தம். மாயா ஜன்னலில் நின்று இரண்டையும் கேட்டாள்.

"இவ்வளவு தண்ணீர் விழுகிற ஊரில் டீசலா?"

எனக்குச் சுருக்கென்றது. இது சீசன் தண்ணீர், மாசியில் பாறைதான் தெரியும், மேலே காடு, கீழே கோயில், குளிக்கிற ஜனம், இங்கே கைவைக்க முடியாது என்று அடுக்கினேன். எல்லாமே உண்மைதான். ஆனாலும் புகைக்கு நடுவே நின்று சொல்லும்போது எனக்கே ரசிக்கவில்லை.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அண்ணாச்சியின் ஜீப் ஒரு மணிக்கு வந்தது. அவரே ஓட்டி வந்தார். ஐம்பது வயது, சிரித்த முகம், பின்சீட்டில் காலி டீசல் கேன்கள். "டீசலுக்கு நின்னே நேரம் போச்சு. இருந்தும் கெடைக்கல பாத்துக்கிடுங்க."

"உங்களுக்கு எதற்கு டீசல்?" என்றேன்.

அவர் கியரை மாற்றினார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கல் பாதையில் முக்கால் மணி நேரம் குலுங்கி ஏறினோம். ஓடையோரத்துக் கொட்டகையைத் திறந்தார். உள்ளே சாக்கு மூட்டைகள். அவற்றுக்குப் பின்னால், சிலந்தி வலைக்குள் டர்பைன். அதன் மேல் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

"ஓடுதுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி!"

"நீங்க ஓடையத்தான கேட்டீக? தண்ணி ஜோராத்தான ஓடுது?"

எனக்கு வந்த கோபத்தில் தமிழே மறந்துவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டரா, மூவாயிரமா, எத்தனை தூரம் தாண்டி வந்தவள் இவள்? மாயாவிடம் என்ன சொல்வது என்று திரும்பினால், அவள் ஏற்கெனவே சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, டர்பைனின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்தினார் என்று கேள்."

"லைன் வந்துட்டுல்லா," என்றார் அண்ணாச்சி. "பொறவு எவன் தெனமும் வாய்க்கால்ல எல அள்ளுதது? மொதல்ல நான் அள்ளுனேன். பொறவு ஆள விட்டேன். பொறவு விட்டாச்சு."

அவர் மனைவி மெர்சி அக்கா வீட்டிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு முறம். அதில் சிவப்பு மாறிக் கறுக்கத் தொடங்கியிருந்த ஜாதிபத்திரி. கரண்ட் இல்லாமல், அதை உலர்த்தும் டிரையர் நின்று இரண்டு நாளாகிறது. இன்னும் ஒருநாள் போனால் பூஞ்சை பிடித்து அத்தனையும் வீண்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுதா?" என்று கேட்டார்.

மாயா சொன்னதைச் சொன்னேன். தண்டு சுற்றுகிறது, கிரீஸும் பெல்ட்டும் வேண்டும், வாய்க்காலைத் திறக்க நாலு பேர் வேண்டும்.

"அம்புட்டுதானா? நாலு வருஷமா இந்த மனுசன் அது செத்துப்போச்சுன்னுல்லா சொல்லுதாரு!"

"ஏட்டி, நான் செத்துப்போச்சுன்னா சொன்னேன்? கெடக்குதுன்னு சொன்னேன்."

பிறகு வேலைதான். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர், அண்ணாச்சி, மெர்சி அக்கா, நாங்கள். முழங்கால் தண்ணீரில் அட்டைக்கடியோடு இலையும் சேறும் கல்லும் அள்ளினோம். ஸ்டோரில் பழைய பெல்ட் ஒன்றும் கிரீஸும் கிடைத்தன. மாயா மதகைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்தாள். குழாய் இருமியது, சேற்றைத் துப்பியது, பிறகு ஒரே சீரான முனகல். சக்கரம் சுற்றியது. கொட்டகைப் பல்பு மஞ்சளாகச் சிணுங்கி, வெள்ளையாக நின்றது.

மெர்சி அக்கா கைதட்டிவிட்டார். கம்பியை டிரையருக்கு மாற்றினோம். விசிறி சுற்றத் தொடங்கியது. உள்ளங்கையில் காற்று பட்டது. வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கு எரிச்சல் அடங்கியது.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேலே வீட்டிலிருந்து டிவி அலறும் சத்தம் கேட்டது.

"லைன் கரண்ட் வந்துட்டு!" என்று ஒருவர் கத்தினார். ஆட்கள் இருவரும் போனைச் சார்ஜ் போட ஓடினார்கள். அண்ணாச்சி டிரையர் கம்பியைக் கழற்றி லைனில் மாட்டினார். "நல்ல வேள! வாங்க, காப்பி குடிப்போம்," என்று படியேறிவிட்டார். மெர்சி அக்காவும் முறத்தோடு பின்னாலேயே.

கொட்டகையில் நானும் மாயாவும் சுற்றிக்கொண்டிருக்கிற டர்பைனும் மட்டும். அதை நிறுத்தக்கூட யாரும் நிற்கவில்லை. எனக்கு அழுகை வராத குறை.

"உனக்கு ஓடுகிற ஒன்றைக் காட்ட முடியவில்லை," என்றேன்.

மாயா கையில் போன் இருந்தது. பல்பு எரிந்ததிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "இதுதான் எனக்கு வேண்டியது," என்றாள். "விளக்கு எரிவதை எங்கள் ஊரில் தினமும் பார்க்கிறார்கள். இவர்கள் இதை விட்டுப் போனதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்."

மதகை அவளே மூடினாள்.

மறுநாள் மதுரைக்குப் பேருந்து ஏறினோம். கண்டக்டர் என் ஈரப் பையைப் பார்த்து, "நல்லா குளிச்சீகளா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சிறு நீர்மின் நிலையம் பாடம். இடத் தேர்வு, குழாய், டர்பைன் வகைகள், எல்லாம் இருந்தது. மலைநாடுகளுக்கு இது வரப்பிரசாதம் என்று ஒரு பத்தியும் இருந்தது. லைன் வந்த மறுநாள் இலை அள்ளுவது யார் என்று ஒரு வரி இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு செல்வின் அண்ணாச்சி கதையைச் சொன்னேன். பரீட்சைக்கு வருமா என்று ஒரு மாணவி கேட்டாள்.

அடுத்த மாதம் மாயாவுக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் பெரிய சண்டையாம். வீடியோவை இரண்டு தடவை போட்டுக் காட்டினாளாம். கடைசியில் சுகாதார நிலையமும் மாவு மில்லும் டர்பைனிலேயே இருக்கும், வாய்க்காலுக்கு வீட்டுக்கு வீடு முறை என்று முடிவாகியிருக்கிறது.

"முதல் முறை யாருக்கு?" என்று கேட்டேன்.

"இலை அள்ளுவது யார் என்று கூட்டத்தில் கேட்ட எனக்குத்தான்," என்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் கத்தாமல் பேச முடியவில்லை. "வாய்க்காலில் இடுப்பளவு நிற்கிறேன், குளிர் உயிர் போகிறது, போனை வை!"