எண்பத்தெட்டுக் கட்டைகளுக்கும் சந்தனப் பொட்டு

1. ஆயுத பூஜை அன்று மாலை நான்கு மணிக்கு, மறுநாள் கச்சேரிக்காகப் பியானோவை ட்யூன் செய்ய ஹாலுக்குப் போனேன்.
2. மூடியைத் திறந்தேன். எண்பத்தெட்டுக் கட்டைகளிலும் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பியானோ கால்களின் மூன்று சக்கரங்களுக்கு முன்னாலும் தலா ஒரு எலுமிச்சம்பழம்.
3. துடைக்கத் துணியை எடுத்தேன். ஹால் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா தடுத்தார்.
4. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்காவதுதான் என் தவறு.

தொண்ணூறுகளின் கடைசி அது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துப் பியானோ சர்வீஸுக்கு வந்து எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. கச்சேரி ஃபிலோமினா அக்காவுடையது. எங்கள் ஊர்ப் பிரேசர் டவுனில் வளர்ந்து, வெளிநாட்டில் படித்து, பல ஊர்களில் வாசித்துவிட்டுத் திரும்பியவர். ஆனால் இந்த ஹாலின் கமிட்டி வெளிநாட்டுக் கலைஞர்களைத்தான் மேடை ஏற்றும். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுத்தது அதுதான் முதல் முறை. செயலாளர் மறைக்காமல் சொல்லியிருந்தார்: "நல்லா வந்தா வருஷா வருஷம் உங்களுக்குத்தான் மேடம். இல்லேன்னா மறுபடி கேக்காதீங்க."

கிருஷ்ணப்பா கன்னடம் கலந்த தமிழில் என்னைத் தடுத்தது இப்படி: "பேடாம்மா, கை வெக்காதே. பூஜைக்கு வெச்சத நாளைக்குத்தான் தொடணும். போன வருஷம் நீதானே சொன்னே, இதுவும் மிஷின்தான்னு? அதான் ஒண்ணு விடாம வெச்சோம். கறுப்புக் கட்டைக்கும் வெச்சாச்சு, பாரு."

நான் ஸ்ரீராம்புரத்துப் பெண். அப்பா லேத் ஆபரேட்டர். அன்று எங்கள் வீட்டில் ஸ்பேனரைக்கூடத் தொடமாட்டோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பூஜையை முடித்துத் துடைத்தபோது பதினான்கு கட்டைகள் அழுத்தினால் அழுத்தினபடியே கிடந்தன. ஒவ்வொரு கட்டையும் ‘பின்’ எனும் சின்ன உலோகக் குச்சிமேல் ஏறி இறங்கும். பின்னைச் சுற்றி ஃபெல்ட் எனும் மெல்லிய கம்பளித் துணி உண்டு. சந்தனத் தண்ணீர் இரவெல்லாம் உள்ளே இறங்கி ஃபெல்ட் ஊதியிருந்தது. கட்டை வரிசையை மொத்தமாக வெளியே இழுத்து மேஜைமேல் வைத்தேன். கிருஷ்ணப்பா ஹேர் ட்ரையர் பிடித்தார்.

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சோம்."

"தெரியும்ணா. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, மரம் விரிசல் விட்டுடும்."

ட்யூனிங்கும் சேர்த்து முடிக்க மாலை நான்கு மணி ஆகிவிட்டது. பதிமூன்று கட்டைகள் சரியாகிவிட்டன. நடுவில் ஒன்று மட்டும் சோம்பலாகவே எழுந்தது. ஃபெல்ட் பிய்ந்திருந்தது. அந்த அளவு ஃபெல்ட் என்னிடம் இல்லை. விஜயதசமி, கடையும் இல்லை.

கச்சேரிக்கு முன் கலைஞரிடம் குறை சொல்லக்கூடாது, பதற்றம் கூடும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் அக்கா வாசிக்கவிருந்த கடைசி இசைத் துண்டு முழுவதும் அந்த ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுவது. மேடையில் சுரம் ஒலிக்காமல் விட்டுப்போனால் ஃபிலோ அக்காவுக்குத் தன் விரல்மேல் சந்தேகம் வரும். கேட்பவர்களுக்கும் வரும். ஐந்து மணிக்கு அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், முந்தின நாள் விட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து.

அக்கா உட்கார்ந்து அந்தக் கட்டையை இருபது முறை தட்டினார்.

"சீக்கிரம் எழுந்திருக்க மாட்டேங்குது. எனக்கும் காலைல அப்படித்தான்டி."

"அக்கா, விளையாடாதீங்க."

"விளையாடல. மெதுவா வாசிச்சா வருது. அப்ப மெதுவானத வாசிப்போம். நல்ல வேளை, இப்பவே சொன்னே."

நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருந்த கடைசித் துண்டு போய்விட்டது. மேடையில் அதை அவரே அறிவித்தபோது முதல் வரிசையில் செயலாளர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா நீண்ட, மெதுவான ஒன்றை வாசித்தார். அந்தக் கட்டைக்கு வரும்போதெல்லாம் அது எழ நேரம் கொடுத்து, அந்த நேரத்தையே பாட்டின் மூச்சாக்கிவிட்டார். முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

செயலாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். "கடைசில வாசிச்சீங்களே மேடம், அதை ஏன் முதல்லயே போடல?"

"யோசனை அப்புறம்தான் வந்தது சார்" என்றார் அக்கா.

அன்று கற்றது: சரிசெய்ய முடியாத குறையை வாசிப்பவரிடம் நேரத்தோடு சொல்லிவிட வேண்டும். அவருக்குத்தான் அதை என்ன செய்வதென்று தெரியும். இப்போது ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் மிச்சமுள்ள குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். ஃபிலோ அக்கா வருடம் ஒருமுறை அந்த ஹாலில் வாசிக்கிறார். ட்யூனிங் என்னுடையது.